பெயருக்கு முன் வால்: கிழக்கு ஆப்பிரிக்கப் பயணங்களில் கொறித்துண்ணிகளை அடையாளம் கண்ட அனுபவம்

கென்யாவின் வடக்கில் உள்ள சம்புரு காப்பகத்தில், எவாசோ ங்கிரோ ஆற்றை ஒட்டிய முகாமில் நான் தங்கிய முதல் நாள் காலையில், கூடாரத்துக்கு எதிரே பத்தடித் தொலைவில் செம்பழுப்பு நிற விலங்கு ஒன்று தரையோடு தரையாக ஓடி வந்து நின்றது. மெலிந்து நீண்ட உடலும் சிறிய காதும் நீண்ட வாலுமாக அதைப் பார்த்தவுடனேயே ‘கீரி’ என்று மனம் சொல்லிவிட்டது. அந்தப் பகுதியில் கறையான் புற்றுகளில் குடியிருக்கும் குள்ளக் கீரிகள் உண்டு என்று முன்பே படித்திருந்தேன். ஆகவே குறிப்பேட்டில் தயங்காமல் ‘குள்ளக் கீரி’ என்று எழுதி, நேரத்தையும் குறித்துவைத்தேன். இரண்டு நாள் கழித்து, எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் நான் எழுதியது முழுத் தவறு என்று தெரிந்தது.

படத்தில் அந்த விலங்கு பின்னங்கால்களில் குந்தி உட்கார்ந்து, வேல மரத்தின் நெற்று ஒன்றை இரண்டு கைகளாலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது. எந்தக் கீரியும் அப்படி உட்கார்ந்து நெற்றைக் கொறிப்பதில்லை. கண்ணைச் சுற்றி வெளிர் வளையம் இருந்தது. வால், கீரியின் வாலைப் போல அடியில் தடித்து நுனியில் கூம்பாமல், இருபுறமும் முடி விரிந்து தட்டையாகக் கிடந்தது. எங்கள் ஓட்டுநரிடம் படத்தைக் காட்டினேன். அவர் பார்த்த கணமே சுவாஹிலியில் “கிண்டி” என்றார். அணில் என்று பொருள். அது கோடற்ற தரை அணில். அதன் முதுகிலும் கோடில்லை, விலாவிலும் கோடில்லை. நம் ஊர் அணிலோடு வளர்ந்த எனக்கு, முதுகில் கோடில்லாத, மரம் ஏறாத, மண்ணில் வளை தோண்டி வாழும் ஒன்றை அணில் என்று நினைக்கவே தோன்றவில்லை.

நைரோபியில் வேலை நிமித்தமாகத் தங்கியிருந்த மூன்று ஆண்டுகளில் எலி, அணில் போன்ற கொறித்துண்ணிகளை மட்டும் தேடிச் சிறு பயணங்களை மேற்கொண்டதற்கு அந்தக் காலைதான் காரணம். சிங்கத்தையும் யானையையும் காட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முகாமின் விறகுக் குவியலுக்கு அடியிலும், சாலையோரப் புல்லிலும், பாறை இடுக்கிலும் கண்ணெதிரே ஓடுகிறவற்றுக்குப் பெயர் கேட்டால் பெரும்பாலும் ‘பான்யா’ என்ற ஒரே பதில்தான் வரும். சுவாஹிலியில் பெரிய எலிக்கும் சுண்டெலிக்கும் பொதுவான சொல் அதுதான். ஆனால் உலகப் பாலூட்டி இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு கொறித்துண்ணிகள் என்பதையும், ஆப்பிரிக்காவில் மட்டும் அவை சில நூறு இனங்களாகப் பிரிந்துள்ளன என்பதையும் நினைத்தால், அந்த ஒரு சொல்லோடு திரும்பி வருவது எனக்குப் பெரிய இழப்பாகவே பட்டது.

முதல் தவறுக்குப் பிறகு குறிப்பேட்டின் அமைப்பையே மாற்றினேன். பெயருக்கான இடத்தைப் பக்கத்தின் அடியில் வைத்தேன். மேலே முதல் வரி வாலுக்கு: உடலைவிட நீளமா, குட்டையா, முடி அடர்ந்ததா, செதில் தெரியும்படி வெறுமையானதா, நிறம் எங்கே மாறுகிறது. இரண்டாம் வரி நேரத்துக்கு. மூன்றாம் வரி அது நின்ற இடத்துக்கு: பாறையா, புல்லா, மரமா, வெறும் மணலா. நான்காம் வரி நகரும் விதத்துக்கு. இந்த நான்கையும் எழுதி முடிக்காமல் பெயர் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். இது எளிய பழக்கம்தான் என்றாலும் கடைப்பிடிப்பது கடினம். ஏனெனில் பெயர் மனத்தில் தோன்றிவிட்டால், அதன்பின் கண் அந்தப் பெயருக்குப் பொருந்துவதை மட்டுமே பொறுக்கிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

வால் ஏன் முதலில் என்பதற்கு ஆபர்டேர் மலையில் கிடைத்த காட்சியைச் சொல்ல வேண்டும். நடைபாதையின் ஓரத்தில், காலை பத்து மணி வெயிலில், முதுகில் நீளக் கோடுகள் ஓடிய ஒரு சிறு விலங்கு புல்லை விலக்கிக்கொண்டு வெளியே வந்தது. நம் அணிலின் குட்டி என்றே எவரும் சொல்வார்கள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு வாலைப் பார்த்தேன். முடி அடர்ந்த, குஞ்சம் போன்ற வால் இல்லை. மெல்லிய, கயிறு போன்ற, ஏறக்குறைய உடலின் நீளமே உள்ள எலி வால். அடுத்ததாகக் கோடுகளை எண்ணினேன். நம் ஊர் அணிலுக்குக் கருமையான முதுகில் மூன்று வெளிர்க் கோடுகள். இதற்கோ வெளிறிய முதுகில் நான்கு கரிய கோடுகள். அது நாற்கோட்டுப் புல்லெலி. பெரும்பாலான எலிகள் இரவில் நடமாடும்போது இது பகலில் வெளியே வருவதால் பயணிகளின் கண்ணில் எளிதாகப் படுகிறது. இதே குழுவைச் சேர்ந்த எலிகள் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி வரை பரவியுள்ளன. ஒரே இனம் என்று நெடுங்காலம் கருதப்பட்டவற்றை மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு பல இனங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஆகவே எந்த ஊரில் பார்த்தோம் என்பதும் அடையாளத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. கோடுகள் முழுக் கோடாக இல்லாமல் புள்ளி புள்ளியாக வரிசையில் அமைந்திருந்தால், அது வேறொரு பேரினமான வரிப்புல்லெலி. அதையும் அணில் குட்டி என்று நினைக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

அடையாளம் காண்பதில் இன்னொரு கேள்வியை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்டாக வேண்டும்: இது கொறித்துண்ணிதானா? தமிழில் நாம் மூஞ்சூறை எலிக் கூட்டத்தில் சேர்த்தே பேசிப் பழகியவர்கள். பிள்ளையாரின் வாகனத்தை ஒருவர் எலி என்பார், இன்னொருவர் மூஞ்சூறு என்பார். ஆனால் மூஞ்சூறு பூச்சி உண்ணும் வேறு வரிசையைச் சேர்ந்தது, கொறித்துண்ணியே அல்ல. ஆப்பிரிக்காவில் இந்தக் குழப்பம் இன்னும் பெரியது. நைவாஷா ஏரிக்கு அருகிலுள்ள ஹெல்ஸ் கேட் தேசியப் பூங்காவின் பாறைகளில், முயல் அளவில் கொழுத்த, பழுப்பு நிற விலங்குகள் காலை வெயிலில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து படுத்திருக்கும். பார்ப்பதற்குப் பெரிய பெருச்சாளி போல இருக்கும் இவை ஹைராக்ஸ்கள். வாலை எழுதும் வரியில் ‘வெளியே தெரியவில்லை’ என்று எழுத வேண்டி வந்தபோதே எனக்கு ஐயம் வந்துவிட்டது. ஒன்று கொட்டாவி விட்டபோது, மேல் தாடையில் உளி போன்ற தட்டையான பற்களுக்குப் பதிலாகக் கூரிய இரு தந்தங்கள் தெரிந்தன. உறவு முறையில் இவை எலியைவிட யானைக்கு நெருக்கமானவை. தமிழ் வேதாகமத்தில் கன்மலையில் வாழும் ‘குழிமுசல்’ என்று சொல்லப்படுவது இந்த விலங்குதான். முயலும் அல்ல, குழி தோண்டுவதும் இல்லை என்றாலும், பாறையில் குடியிருப்பது என்ற செய்தி சரியாகவே இருக்கிறது. அவை தங்கும் பாறைகளில் வெண்ணிறமாக வழிந்து உறைந்திருப்பது தலைமுறை தலைமுறையாகப் படிந்த சிறுநீர். அதைத் தொலைவிலிருந்தே கண்டு, இங்கே ஹைராக்ஸ் இருக்கும் என்று காத்திருக்கலாம்.

சேரங்கெட்டியின் பாறைக் குன்றுகளில் இரண்டு வகை ஹைராக்ஸ்கள் ஒரே பாறையில் வாழ்கின்றன. மழுங்கிய முகமும் பருத்த உடலும் கொண்டது பாறை ஹைராக்ஸ். சற்றுச் சிறியதாய், முகம் கூர்ந்து, வயிறு வெளுத்திருப்பது புதர் ஹைராக்ஸ். இதேபோல், நீண்டு துறுதுறுவென்று அசையும் மூக்கோடு தாவி ஓடும் செங்கி என்னும் யானை மூஞ்சூறும் எலியல்ல. கென்யக் கடற்கரையோரம் உள்ள அரபுகோ சொகோகே காட்டில், பின்புறம் மஞ்சள் பூசினாற்போன்ற செங்கி ஒன்று சருகுகளில் சரசரவென்று ஓடியதை ஒருமுறை, மூன்று நொடி மட்டும் பார்த்தேன். மூக்கு அசைவதைப் பார்த்துவிட்டால் போதும். எலிக்கு அப்படி அசையும் மூக்கு கிடையாது.

இரவில் பார்ப்பது தனிக் கலை. தேசியப் பூங்காக்கள் பலவற்றில் இரவில் வண்டி ஓட்ட அனுமதி இல்லை. மசாய் மாராவை ஒட்டிய காப்பு நிலங்களில் வழிகாட்டியோடு செல்லலாம். அங்கே ஒரு மாசி மாதத்து இரவில், விளக்கொளியில் ஒற்றைக் கண் ஒன்று செம்மஞ்சளாக மின்னி, மேலும் கீழும் குதித்துக்கொண்டே விலகியது. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் பல நேரங்களில் ஒரு கண்ணின் ஒளிதான் நமக்குத் தெரியும். அருகில் சென்றபோது, கங்காருவைப் போல இரண்டு பின்னங்கால்களில் மட்டும் எம்பி எம்பிப் பாய்ந்த ஒரு விலங்கு. முயல் அளவு, மூன்று கிலோ எடை சொல்லலாம். உடலளவே நீண்ட அடர்ந்த வாலின் நுனி கறுப்பு. அது ஸ்பிரிங்ஹேர். பெயரில் முயல் இருந்தாலும் இது கொறித்துண்ணி. உண்மையான முயலோ கொறித்துண்ணி அல்ல. முயலுக்கு மேல் வெட்டுப்பற்களுக்குப் பின்னால் இன்னொரு சிறு பற்சோடி இருப்பதால் அதை வேறு வரிசையில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பற்களைக் களத்தில் பார்க்க முடியாது. வாலையும் ஓட்டத்தையும் பார்க்கலாம். முயலுக்குக் குட்டை வால், நான்கு கால் ஓட்டம். ஸ்பிரிங்ஹேரின் முடி புற ஊதா ஒளியில் இளஞ்சிவப்பாக ஒளிர்கிறது என்று 2021இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதைக் கேட்டுவிட்டுச் சிலர் புற ஊதா விளக்கோடு பயணம் வருகிறார்கள். அதை நான் விரும்பவில்லை. இரவுக்குப் பழகிய கண்களில் நம் ஒளியைப் பாய்ச்சுவது விலங்கைச் சற்று நேரம் குருடாக்கி, வேட்டையாடிக்கு விட்டுக்கொடுப்பதாகும். சாதாரண விளக்கைக்கூட விலங்கின் மேல் நேராகப் பிடிக்காமல், பக்கத்துத் தரையில் அடித்து, அதன் விளிம்பு வெளிச்சத்தில் சில நொடிகள் பார்த்துவிட்டு அணைத்துவிடும்படி வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்ளலாம்.

தான்சானியாவின் மொரோகோரோ நகரில், உலுகுரு மலையடிவாரத்து விடுதியின் பின்புறம் இரவு எட்டு மணிக்குக் குப்பைத் தொட்டியருகே ஓடியதைக் கண்டபோது நான் பெருச்சாளி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். ஆனால் அந்த நாட்களில் வாலைப் பார்க்கும் பழக்கம் ஊறிவிட்டிருந்தது. நீண்ட வாலின் முற்பாதி கருமை, பிற்பாதி தூய வெள்ளை. இரண்டும் சேரும் இடம் யாரோ சுண்ணாம்பில் முக்கி எடுத்ததைப் போலத் துல்லியமாக இருந்தது. நம் பெருச்சாளிக்கு அப்படிப்பட்ட வால் கிடையாது. விடுதிச் சமையற்காரர் “பான்யா புகு” என்றார். கன்னத்தில் தீனியைப் பை போல நிரப்பிக்கொண்டு செல்லும் ஆப்பிரிக்கப் பைக்கன்ன எலி அது. கண்ணிவெடிகளையும் காசநோயையும் மோப்பம் பிடிக்கப் பயிற்றுவிக்கப்படுவது இந்த எலிதான். அந்தப் பயிற்சியை நடத்தும் அப்போப்போ என்ற அமைப்பு இதே மொரோகோரோவில், சோகோய்னே வேளாண் பல்கலைக்கழகத்தோடு இணைந்து செயல்படுகிறது. அங்கே பயிற்சி பெற்ற மகாவா என்ற எலி கம்போடியாவில் தன் பணிக்காலத்தில் மொத்தம் 71 கண்ணிவெடிகளைக் கண்டுபிடித்தது; அந்தப் பணிக்காக 2020இல் பிரிட்டனின் விலங்கு நல அமைப்பு ஒன்றின் தங்கப் பதக்கத்தையும் பெற்றது. ஒரு கிலோவைச் சற்றே தாண்டும் எடை என்பதால் எலி மிதித்தாலும் வெடி வெடிப்பதில்லை. குப்பைத் தொட்டியருகே நான் பார்த்தது அத்தகைய ஒன்றின் காட்டு உறவு என்று உணர்ந்தபோது, கல்லெடுத்து விரட்டப் போன விடுதிப் பையனை நிறுத்தச் சொன்னேன்.

விலங்கைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்தே அடையாளம் காண்பதும் உண்டு. சொல்லப்போனால் ஆப்பிரிக்காவில் பல கொறித்துண்ணிகளை அப்படித்தான் அறிய முடியும். சம்புருவிலும் மேருவிலும் வறண்ட செம்மண் தடங்களின் நடுவே, ஒரு சாண் உயரத்துக்கு எரிமலை போன்ற கூம்புகள் வரிசையாக நிற்கும். வண்டியை நிறுத்தி அதிர்வு அடங்கும்வரை காத்திருந்தால், உச்சியிலிருந்து மண் விசிறி விசிறி மேலே பறக்கும். உள்ளே நிர்வாணத் துன்னெலிகள் வரிசையாக நின்று மண்ணைப் பின்னுக்குத் தள்ள, வாயிலில் நிற்கும் ஒன்று அதை உதைத்து வெளியே எறிகிறது. விலங்கை நான் ஒருபோதும் பார்த்ததில்லை. அந்த மண் தெறிப்பே அடையாளம். ஒரே அரசியின் கீழ் பல பத்துகளாகக் கூட்டம் கூடி வாழ்பவை அவை. நைவாஷாவைச் சுற்றிய குளிர்ந்த மேட்டுநிலப் புல்வெளிகளிலும் மண்மேடுகள் உண்டு. ஆனால் அவற்றில் வாய் இருக்காது, மண் மூடியிருக்கும். அவை வேறு குடும்பத்தைச் சேர்ந்த வேரெலிகளுடையவை. வெப்பமான வறண்ட நிலத்தில் திறந்த கூம்பு, குளிர்ந்த மேட்டில் மூடிய மேடு என்று நினைவில் வைத்துக்கொண்டால் கென்யாவில் பெரும்பாலும் பிழை வராது.

அடையாளம் காண முடியாதவற்றைப் பற்றியும் எழுதியாக வேண்டும். தானியக் களஞ்சியத்திலும் குடிசையிலும் ஓடும் சாம்பல் பழுப்பு எலிகளில் பல, படத்தைப் பார்த்து இனம் சொல்லக்கூடியவை அல்ல. பல முலைக்காம்புகள் கொண்ட எலிகளான மஸ்டோமிஸ் பேரினத்தில் இரண்டு இனங்கள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றுக்கு 32 குரோமோசோம்கள், மற்றதற்கு 36 என்பதை வைத்துத்தான் பிரித்தறிகிறார்கள். அங்கே ‘மஸ்டோமிஸ்’ என்று எழுதி நிறுத்துவதே நேர்மையான குறிப்பு. பார்த்த உயிரினங்களின் படங்களைப் பகிர்ந்து இனம் அறிய உதவும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளத்தில் படத்தை ஏற்றும்போதும் பேரினத்தோடு நிறுத்தத் தயங்கக் கூடாது. பக்கவாட்டில் எடுத்த படம், வால் நுனி வரை தெரியும் படம், பாதம் தெரியும் படம் ஆகிய மூன்றும் இருந்தால் அறிந்தவர்கள் மேலே சொல்வார்கள். நேருக்கு நேர் முகத்தை மட்டும் எடுத்த அழகான படத்தால் பயன் குறைவு.

இந்த மஸ்டோமிஸ் எலிகளில் ஒன்றுதான் மேற்கு ஆப்பிரிக்காவில் லாசா காய்ச்சலைப் பரப்புகிறது. நைஜீரியாவின் லாசா ஊரில் 1969இல் அந்த நோய் கண்டறியப்பட்டது. கிழக்கில் அந்தக் காய்ச்சல் பரவவில்லை என்றாலும், எலிச் சிறுநீராலும் எச்சத்தாலும் வரக்கூடிய பிற நோய்கள் உண்டு. ஆகவே தங்கும் குடிலில் எச்சம் தெரிந்தால் துடைப்பத்தால் பெருக்கித் தூசியைக் கிளப்பாமல், கிருமிநாசினி கலந்த நீரால் நனைத்து, கையுறையோடு துணியால் எடுப்பதே சரி. பிஸ்கட்டையும் பழத்தையும் மூடி இறுகிய தகர டப்பாவில் வைக்க வேண்டும். தீனி காட்டி வரவழைப்பது கூடவே கூடாது. கையால் பிடிப்பதும் அப்படித்தான். பாறைகளில் வாழும், முள் போன்ற முடி கொண்ட சிற்றெலி வகையொன்றைப் பிடித்தால் அதன் தோலே கிழிந்து கையோடு வந்துவிடும். அது தப்பிக்கும் வழி அதுதான். கிழிந்த தோல் முடியோடு மீண்டும் வளர்வதைக் கென்யாவின் எலிகளில் கண்டு 2012இல் ஆய்வுக் கட்டுரையும் வெளியானது. வளரும் என்பதற்காக நாம் கிழிக்கலாகாது.

இந்தப் பயணங்களில் நான் மிகவும் விரும்பியது எத்தியோப்பியாவின் பாலே மலை. அடிஸ் அபாபாவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் சென்று, கோபா ஊரிலிருந்து ஏறினால் 4,000 மீட்டர் உயரத்தில் சனெட்டி பீடபூமி விரிகிறது. மரம் இல்லை, குளிர்க் காற்றும் குறும்புல்லும் சிறு குட்டைகளும்தான். அங்கே தரை முழுவதும் துளைகள். உலகில் வேறெங்கும் இல்லாத பெருந்தலை வேரெலி வாழ்வது இந்த மலையில் மட்டும். எத்தியோப்பிய ஓநாயின் முதன்மை இரையும் இதுதான். அந்த ஓநாய்கள் உலகில் சுமார் 500 மட்டுமே எஞ்சியிருப்பதால் எல்லோரும் அவற்றையே தேடுகிறார்கள்.

நான் ஒரு துளைக்கு இருபதடி தள்ளி, காற்று என்னிடமிருந்து துளையை நோக்கி வீசாத பக்கமாகப் போர்வையை விரித்துக் குந்தினேன். காலை ஒன்பது மணிவரை எதுவும் இல்லை. உறைபனி உருகி வெயில் உறைத்த பிறகுதான் துளையின் வாயில் மண் அசைந்தது. முதலில் தலையின் உச்சியில் அமைந்த கண்கள் இரண்டு மட்டும் விளிம்புக்கு மேலே வந்தன. உடல் வெளியே வராமலே கண் வெளியே பார்க்கும்படி அமைந்த தலை. ஒரு நிமிடம் போல அப்படியே இருந்தது. பழுப்பு நிறச் சிறு குருவி ஒன்று மண்மேட்டில் வந்து அமர்ந்தது. அது அமைதியாக இருந்ததாலோ என்னவோ, எலி தன் பாதி உடலை வெளியே நீட்டி, மஞ்சளேறிய அகன்ற வெட்டுப்பற்களால் சுற்றிலும் உள்ள புல்லைக் கத்தரித்துக் கத்தரித்து வாயில் சேர்த்தது. பின்னங்கால்கள் துளைக்குள்ளேயே இருந்தன. ‘எலி வளையானாலும் தனி வளை’ என்பார்களே, அதற்கேற்ப ஒவ்வொன்றும் தனித்தனி வளையில்தான் வாழ்கிறது. குருவி சட்டென்று எழுந்து கத்தியது. எலி திரும்பவில்லை, அப்படியே பின்னோக்கி வழுக்கி மறைந்தது, புல்கற்றையின் நுனி மட்டும் துளையின் வாயில் ஆடிக்கொண்டிருந்தது.

அரை மைல் தொலைவில் செந்நிறமாக ஓநாய் ஒன்று தலை தாழ்த்தி நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு குறிப்பேட்டைத் திறந்து, முதல் வரியில் ‘வால்: துளைக்குள், பார்க்கவில்லை’ என்று எழுதினேன். அன்று மாலை வரை அங்கேயே இருந்து, நான்காவது முறை அது வெளியே வந்தபோது அந்த வரியை நிரப்பினேன்: குட்டை, முடியுள்ளது, உடலில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இராது. அதன்பிறகுதான் பக்கத்தின் அடியில் பெயரை எழுதினேன்.